துக்கம் விசாரிக்க ஒருவர்

இவ்வாண்டு மலருக்கு ஏதாவது எழுதியே தீரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டபோது, ‘காசியும் தமிழரும்’ என்று ஒரு கட்டுரை எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். கேதார கட்டத்துக் குமாரசாமி மடம், நகரத்தார் சத்திரம், அனுமான் கட்டத்தில் பாரதியார் இருந்த வீடு என்று மூன்று பக்கம் எழுதினால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. போன மலரிலும் அதுதான் வந்தது. அதற்கு முந்திய மலரிலும் அதுதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது பேனா அனுமான் கட்டத்து வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. 1898-ல் தகப்பனாரைப் பறிகொடுத்துவிட்டு, அத்தை குப்பம்மாளின் ஆதரவில் இங்கே வந்து சேர்ந்த அந்தப் பிள்ளைக்கு அப்பொழுது வயது பதினைந்து பதினாறு. தாயாரை இழந்தபோது வயது ஐந்து. காசியில் அவர் மீசை வைத்துக்கொண்டதையும் தலைப்பாகை கட்டிக்கொண்டதையும் நாம் எல்லாரும் விடாமல் எழுதுகிறோம். ஆனால், ‘உன் அப்பாவுக்கு என்னப்பா ஆயிற்று?’ என்று இந்த ஊரில் யாராவது அவரை உட்காரவைத்துக் கேட்டார்களா? நான் எங்கும் படித்ததில்லை.

எனக்கு இந்தக் கேள்வி தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அதையே எழுதிவிடுகிறேன்.

நம் வளாகத்தில் ஒரு பழைய மஞ்சள் கட்டடத்தின் வாசலில் ‘பராமர்ஷ் கேந்திரம்’ என்று இந்தியில் எழுதிய பலகை தொங்குவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். என் இந்தி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற இந்தி. அதைப் ‘பராமரிப்பு’ என்று படித்துவிட்டேன். விடுதியில் குழாய் ஒழுகினாலும் மின்விசிறி நின்றாலும் எழுதிக் கொடுக்கவேண்டிய இடம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தேன். ஒரு முறை குழாய் விஷயமாக அங்கே போய் நின்றும் இருக்கிறேன். உள்ளே இருந்தவர் சிரிக்காமல், இது மாணவர்கள் தங்கள் மனக்கஷ்டத்தைச் சொல்லிக்கொள்கிற இடம் என்று விளக்கி அனுப்பினார். நமக்கு இங்கே என்ன வேலை என்று திரும்பி வந்தேன். மனக்கஷ்டம் என்பது மற்றவர்களுக்கு வருவது அல்லவா?

2024 ஜனவரியில் என் அம்மா இறந்து போனாள். மாரடைப்பு, விடியற்காலம் நாலு மணி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அண்ணன் போனில் செய்தி சொன்னபோது, இங்கே ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காசியின் ஜனவரியை உங்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. நண்பர்கள் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்த விமானச் சீட்டு வீணாயிற்று, விமானம் கிளம்பவில்லை. மாலையில் ரயிலேறினேன். அதுவும் ஒன்பது மணி நேரம் தாமதம். மறுநாள் இடார்சிக்குக் கிட்டத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். “எடுத்தாச்சுடா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. எதிர் ஆசனத்தில் ஒரு குடும்பம் ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தது. எனக்கும் இரண்டு சுளை கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து, எலும்பும் பொறுக்கியாகிவிட்டது.

அதற்குப் பிறகு பதினாறாம் நாள் வரையில் ஊரில் இருந்தேன். நம் ஊர்களில் துக்கம் விசாரிக்க வருகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெற்கத்திச் சீமையில் துட்டி கேட்பது என்பார்கள். கேதம் என்றும் சொல்வதுண்டு. வருகிற ஆண்கள் அப்பாவின் கையைத் தொட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். சற்று நேரம் ஒருவரும் பேசுவதில்லை. பிறகு வயதில் மூத்தவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எப்படி ஆச்சு?” என்பார். உடனே அப்பா ஆரம்பிப்பார். “ராத்திரி நல்லாத்தான் இருந்தா. ரசம் வெச்சா. மாட்டுக்குத் தண்ணி காட்டினா...” மருத்துவமனை வாசல் வரையில் வந்து கதை முடியும்போது அடுத்த கூட்டம் வாசலில் நிற்கும். அவர்களும் கேட்பார்கள், அப்பா மறுபடியும் ரசத்திலிருந்து தொடங்குவார். ஊர் முழுவதும் தெரிந்த விஷயத்தை எதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்டு அவரை வதைக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. படித்த பிள்ளை அல்லவா! ஆனால் முதல் நாள் ரசத்தைத் தாண்ட முடியாமல் அழுத மனிதர், பத்தாம் நாள் முழுக் கதையையும் இடையில் நிற்காமல் சொன்னார். அதை அப்பொழுது நான் கவனித்தேனே தவிர, அதற்கு அர்த்தம் கற்பித்துக்கொள்ளவில்லை.

உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மாவுக்காக ஒப்பாரியைத் தொடங்கிய என் பெரியத்தை, நாலாவது அடியில் பத்து வருஷத்துக்கு முன் இறந்த மாமாவிடம் போய்விட்டாள். அவளை யாரும் தவறாக நினைக்கவில்லை. ஒரு சாவு வீட்டில் ஊரிலுள்ள பழைய சாவுகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ள இடம் உண்டு.

எனக்குத்தான் இடம் இல்லை. அதாவது, சொல்லுவதற்கு என்னிடம் கதை இல்லை. நான் அப்பொழுது அங்கே இல்லையே. என்னிடம் இருந்தது வேறொரு கதை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கதை சிறியது. அம்மா இறப்பதற்கு முந்திய மாலை ஏழு நாற்பதுக்கு என்னைப் போனில் அழைத்தாள். நான் அஸ்ஸியில் ஒரு டீக்கடை வாசலில் நாலு நண்பர்களோடு கிரிக்கெட் பற்றிச் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தேன். திரையில் ‘அம்மா’ என்று வந்தது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று சத்தத்தை அடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் காசிக்குத் திரும்பினேன். ஊரில் எல்லாரும், “நீ காசியிலே இருக்கே, கொடுத்துவைச்சவன்” என்றார்கள். அரிச்சந்திர கட்டத்தில் இரவு பகலாகச் சிதை எரிகிற ஊர். சாவைப் பற்றி இங்கே தெரியாதவன் கிடையாது. ஆனால் நம் விடுதிகளில் அதைப் பற்றிப் பேசுகிறவனும் கிடையாது. நண்பர்கள் முதல் நாள் வந்து தைரியமாயிரு என்றார்கள். அதன் பிறகு, பாவம், என் மனம் புண்படக்கூடாது என்று நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை மாற்றினார்கள். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பரீட்சையைப் பற்றிப் பேசினார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அம்மா என்ற சொல்லையே நான் இருக்கும் இடத்தில் யாரும் உச்சரிப்பதில்லை என்று ஆகிவிட்டது.

நான் ரசாயன மாணவன். பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு, கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் கணத்தில் நிறுத்தவேண்டும். முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்கிற வேலை. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். குடுவை முழுவதும் ரோஜா நிறமாகிவிடும். மூன்று தரம் இப்படி ஆயிற்று. இரவில் தூக்கம் இல்லை. பகலில் எழுந்திருக்க முடியவில்லை. என் அறைத்தோழன் பீகார்ப் பையன், மைதிலி பேசுகிறவன், அதிகம் பேசாதவன். ஒரு நாள் காலையில் என் போர்வையை இழுத்துவிட்டு, “அண்ணன் இறந்தபோது நான் அந்த மஞ்சள் கட்டடத்துக்கு எட்டு மாதம் போனேன், உனக்குத் தெரியாது. இன்றைக்கு நீ போகிறாய்” என்றான். ஒரே அறையில் ஒன்றரை வருஷம் இருந்தவர்கள் நாங்கள்!

உடனே போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் வாசல் வரையில் போய்ப் பக்கத்துக் கடையில் சமோசா தின்றுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் எதிரே வந்தார். குழாய் ரிப்பேர் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். மூன்றாவது நாள்தான் உள்ளே போனது.

மனநல ஆலோசகர் நடுவயதைக் கடந்த ஓர் அம்மையார். வங்காளி, என்னோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசினார். மேஜையில் காகிதமும் பென்சிலும் ஒரு கூஜாத் தண்ணீரும் இருந்தன. நான் எதிர்பார்த்த சோபாவும் தாடியும் இல்லை. இங்கே பேசுவது வெளியே போகாது, உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு என்று முதலிலேயே சொன்னார். பிறகு கேட்டார்: “உங்கள் அம்மாவின் பெயர் என்ன?”

செய்தி வந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பெயரைச் சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, உச்சரிப்புச் சரிதானா என்று கேட்டுக்கொண்டார். (இங்கே அந்தப் பெயரை நான் எழுதவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் அச்சாவதற்கே கூச்சப்பட்டவள் அவள்.) அதற்குப் பிறகு, “என்ன நடந்தது? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் திண்ணையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி அல்லவா இது? எம்.ஏ.வும் அதற்கு மேலும் படித்து, அறை போட்டு, நேரம் குறித்துக்கொண்டு இந்த அம்மையார் செய்வது துக்கம் விசாரிப்பதுதானா என்று நினைத்தேன்.

முழுவதும் அதுதான் என்று சொல்லமாட்டேன். பெரியவர் கேட்காத கேள்விகளையும் இவர் கேட்டார். தூக்கம் எத்தனை மணி, சாப்பாடு எத்தனை வேளை என்று கணக்கெடுத்தார். “சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா?” என்று நேராகவே கேட்டார். இப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து என்று பின்னால் விளக்கினார். சாகத் தோன்றவில்லை, ஆனால் காலையில் விழிக்காமல் இருந்தால் தேவலை என்று சில நாள் இருந்தது என்றேன். அதை அவர் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளிவிடவில்லை. எத்தனை நாள், எந்த வேளையில் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு புதன்கிழமையும் நாலு மணிக்கு வரச் சொன்னார். கட்டணம் கிடையாது.

நம் சங்கத்து அறிவாளி ஒருவர் துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். 1969-ல் எலிசபெத் கூப்லர்-ராஸ் எழுதிய நூலிலிருந்து பரவிய சங்கதி அது. அந்த நூல் சாகக் கிடக்கும் நோயாளிகளோடு பேசி எழுதியது. இழந்து நிற்பவர்களுக்கான மாடிப்படி என்று அதை வைத்துக்கொண்டு ஏறமுடியாது என்றார். பிறகு பென்சிலை எடுத்து இரண்டு வட்டங்கள் போட்டார். ஒன்று, இழப்பைப் பார்த்து அழுகிற பக்கம். மற்றொன்று, துணி துவைப்பது, பரீட்சை எழுதுவது, சினிமா பார்ப்பது என்கிற பக்கம். இரண்டுக்கும் நடுவே போவதும் வருவதுமாகக் கோடுகள். ஸ்ட்ரோப், ஷுட் என்ற இருவர் 1999-ல் எழுதிய கொள்கையாம் இது. ஒரே பக்கத்தில் தங்கிவிட்டால்தான் கஷ்டம், ஊசலாடுவது நல்லது. பதினெட்டாம் நாள் வடிவேலு நகைச்சுவை பார்த்துச் சிரித்துவிட்டு, நான் ஒரு மிருகம் என்று என்னையே வைதுகொண்டிருந்தவனுக்கு அந்தக் கோடுகள் எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டீக்கடைக் கதையை நான் மூன்று புதன்கிழமைகள் சொல்லவில்லை. நாலாவது வாரம் இடார்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் போனில் சொன்னதை இந்தியில் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் அது அண்ணன் சொன்னதாகவே இல்லை. “தமிழிலேயே சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அதற்கு என்ன பொருள் என்று கேட்டார். ‘எடு’ என்றால் கையில் எடுப்பது, தூக்குவது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்ல நாக்கு கூசுவதால், எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்வோம் என்று விளக்கினேன். வேறு எதற்கெல்லாம் இந்தச் சொல் வரும் என்றார். அவருக்கு மொழிகளில் ஆசை உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் போல நானும் அடுக்கினேன். விடுமுறை எடுப்பது, படம் எடுப்பது, பசி எடுப்பது, போனை எடுப்பது—

அங்கே நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி வைத்தார். “போனை நான் எடுக்கவில்லை” என்று தமிழிலேயே சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லி முடித்தேன். அரைமணி நேரம் இருக்கும். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திராது. இடையில் அவர் குறுக்கிடவும் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வாரம் அதை இந்தியில் சொல்ல முடிந்தது. ‘உன் மேல் தப்பில்லை’ என்று அவர் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. சாதாரணமாக அம்மா எதற்குக் கூப்பிடுவார் என்று கேட்டார். “சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு.” “நீங்கள் என்ன சொல்வீர்கள்?” “சாப்பிட்டேன் என்பேன்.” “சாப்பிட்டிருப்பீர்களா?” “இல்லை.” இருவரும் சிரித்தோம். நீங்கள் எடுக்காத நாட்களில் அவர் என்ன செய்வார் என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டு வைவாள் என்றேன். “அப்படியானால் அன்று இரவும் காலையில் வையலாம் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்திருப்பார்” என்றார். இதனால் என் குற்றம் மறைந்துவிடவில்லை. அதற்கு ஓர் அளவு கிடைத்தது. அதுவரையில் அளவே இல்லாமல் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் அப்பா காசிக்கு வந்தார். காவிரியில் கரைத்தது போக ஒரு சிறு மண்கலயத்தில் அஸ்தியை வைத்திருந்தார். கேதார கட்டத்தில் படகு பிடித்தோம். கரைத்து முடிந்த பிறகும் கரைக்குப் போகச் சொல்லாமல் அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “அன்னிக்கு ராத்திரி உங்கம்மா உன்னைக் கூப்பிட்டாளே, என்னடா சொன்னா?” என்றார்.

அவள் எண்ணை அழுத்துவதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். பேசினோம் என்றே மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்பதற்காகவே இவ்வளவு தூரம் வந்தாரோ என்னவோ. அம்மாவின் கடைசி வார்த்தை என்னிடம் இருப்பதாக அவருக்கு எண்ணம். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டாள் என்று சொன்னால் அது பொய் என்று யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாகவே வந்துவிட்டது.

“எடுக்கலைப்பா. அம்மா கூப்பிட்டாங்க. நான்தான் எடுக்கலை.”

அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் மட்டும் எடுத்திருக்கேனா? வயல்ல இருக்கறப்ப கூப்பிடுவா. பையில அடிச்சிக்கிட்டே கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போயி வாங்கிக் கட்டிக்குவேன்” என்றார். படகோட்டி, நம்மவர்களிடம் பழகிய தமிழில், “சாமி, போலாமா?” என்று கேட்டான். போகலாம் என்றார் அப்பா.

அதற்குப் பிறகும் மே மாதம் வரையில் புதன்கிழமைகளில் போய்வந்தேன். பியூரெட்டு என் கைக்குப் படிந்துவிட்டது. தூக்கம் முழுவதும் சரியாகவில்லை. ஏழு நாற்பது மணி இன்னும் எனக்குப் பிடிக்காத நேரம்தான். பழைய போனை மாற்றவில்லை. அந்த அழைப்பு அதில் ஒரு வரியாக இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா என்று அம்மையாரிடம் கேட்டதற்கு, யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார்.

ஆறு மாதத்துக்கு மேலாகியும் துக்கம் துளியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப் போடுமானால், அதற்கு வைத்தியம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே 2022 முதல் சொல்கிறது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு வேண்டியிருக்கலாம். மஞ்சள் கட்டடத்துக்குப் போகக் கூச்சமாயிருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. எண் 14416. தமிழிலும் பேசலாம் என்பதை நம்மவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன்.

சென்ற மாதம் நம் சங்கத்து முதல் வருஷத் தம்பி ஒருவனுக்குத் தகப்பனார் தவறிப்போனார். காரியம் முடிந்து அவன் திரும்பி வந்த அன்று இரவு அவன் அறைக்குப் போனேன். தைரியமாயிரு என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து, “அப்பா பேர் என்ன தம்பி?” என்றேன். சொன்னான். “எப்படி ஆச்சு?” என்றேன். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் தண்ணீர் கேட்டதிலிருந்து ஆரம்பித்தான். மெஸ் மூடுகிற நேரம் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு முறை நிறுத்தி மறுபடியும் தறியிலிருந்து தொடங்கினான். தொடங்கட்டும் என்று இருந்தேன்.

கிளம்பும்போது மஞ்சள் கட்டடத்தைப் பற்றிச் சொன்னேன். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“அது குழாய் ரிப்பேருக்கு எழுதிக் கொடுக்கிற இடம் இல்லையா அண்ணா?”